அரியெத்தே, 1948

ஆயர் ஈத்தாம் சமூக மண்டபத்தில் சிறிய மாதிரி வண்டிகள் செய்யும் போட்டி. நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் என் போர் டாங்கியை வரலாற்றுப் பிரிவு மேசையிலிருந்து கற்பனைப் பிரிவு மேசைக்கு மாற்றியிருந்தார்கள்.

எட்டு மாதம் செய்தது. உள்ளங்கை அளவுதான். அமெரிக்க ஷெர்மன் டாங்கி, அதன் பக்கவாட்டில் இத்தாலியின் அரியெத்தே கவசப் படையின் அடையாளம்.

நடுவர் மோகனராஜ் காரணம் சொன்னார். அரியெத்தே 1942-இல் எகிப்துப் பாலைவனத்தில் அழிந்துபோனது. அழிந்த படைக்கு அமெரிக்க டாங்கி எங்கிருந்து வந்தது என்று கேட்டார். பத்து வருடமாக அவர்தான் நடுவர். மண்டப வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குள், அவரே செய்த எரிந்த டாங்கிகள் இருந்தன. கீழே ஓர் அட்டை: 'அரியெத்தேயின் முடிவு'.

இத்தாலியிலிருந்து வரவழைத்த பழைய புத்தகத்தைத் திறந்து காட்டினேன். போருக்குப் பிறகு, 1948-இல், ரோமில் அதே பெயரில் படையை மறுபடி தொடங்கினார்கள். கையில் கிடைத்தவை அமெரிக்க டாங்கிகள். அந்தப் பெயர் இன்றைக்கும் இருக்கிறது. எங்கள் இருவருக்கும் இத்தாலிய மொழி தெரியாது. ஆனால் ஆண்டுகளைப் படிக்க முடியும். அவர் இரண்டு பக்கம் புரட்டி மூடிவிட்டார். பிறகு குரலைத் தணித்தார்.

"இங்கயே இருக்கட்டும், ரூபினி. கற்பனைல வேற ஆளே இல்ல. மொதப் பரிசு ஒனக்குத்தான்லா."

"இது கற்பனை இல்ல, அண்ணே."

"அங்க வெச்சா பேர வெட்டிருவேன்."

"வெட்டுங்க."

இரண்டு கையாலும் தூக்கிப் போய்ப் பழைய இடத்தில் வைத்தேன். பெயர் அட்டையை எடுத்துவிட்டார்கள். அதனால் நானே பக்கத்தில் நிற்க வேண்டியதாயிற்று.

தெரியாதவர்களிடம் எனக்குப் பேச வராது. முதலில் வந்தவருக்கு நான் சொன்னது காதிலேயே விழவில்லை. இரண்டாவது ஆளுக்குப் பாதி. பத்தாவது ஆளுக்குக் குரல் நடுங்கவில்லை. 1942-இல் அழிந்தது உண்மை, ஆறு வருடத்தில் வேறு வண்டியோடு எழுந்ததும் உண்மை என்றேன். கேட்டவர்கள் சிலர் வாசலுக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார்கள். சிலர் மோகனராஜிடமே போய்க் கேட்டார்கள்.

ஏற்பாட்டாளர் அக்மல் பரிசுகளை வாசித்தார். என் பெயர் இல்லை. நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள். மோகனராஜ் மேசைக்கு வந்தார்.

"முடிஞ்சிருச்சு. எடுத்துட்டுப் போலாம்லா."

டாங்கியைக் குனிந்து பார்த்தபடி இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள்.

"இவங்களுக்கு இன்னும் சொல்லல, அண்ணே," என்று அந்தப் பெண்கள் பக்கம் திரும்பினேன்.