மீன்தொட்டிக்குப் போர்த்திய துணி

வெள்ளவத்தையில் நாலாம் மாடி வீடொன்றின் ஹோலில், சிவானந்தன் தன் மீன்தொட்டிக்கு முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பார்த்துப் பார்த்து வளர்த்த செடிகளில் பாசி நூல் நூலாகச் சுற்றிக் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

மீன்கடை பாஹிம் சொன்ன வழி இதுதான்: “லைட்டே குடுக்காதீங்க அண்ணே. கறுப்புத் துணியால நாலு நாளைக்கு மூடுங்க. செடி தாங்கும், பாசி தாங்காது. அதுக்கும் சரிவராட்டி எல்லாத்தையும் புடுங்கி வீசத்தான் வேணும்.”

மூடினார். காலையில் கந்தோருக்குப் போகும்போது துணி இருந்தது. மாலையில் வரும்போதும் இருந்தது. விலக்கிப் பார்த்தால் பாசி விருந்துண்டதுபோல் கொழுத்துக் கிடந்தது. இருட்டுக்குள் எதைத் தின்று வளர்கிறது இந்தச் சனியன்? மனிதருக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. தண்ணீரை மாற்றினார், மீன்களுக்குத் தீனியைக் குறைத்தார், பாஹிமைத் திட்டினார். மனைவி கனகேஸ்வரியைக் கேட்டால், “எனக்கென்ன தெரியும்?” என்று குசினிக்குள் போய்விட்டாள்.

கடைசி நாள், செடிகளைப் பிடுங்கிவிடுவதென்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தார். கறுப்புத் துணி கதிரையில் மடித்துக் கிடந்தது. தொட்டியில் லைட் எரிந்தது. போதாததற்குப் பல்கனி வெயில் வேறு.

“என்னப்பா இது?”

கனகேஸ்வரி அறைக் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். உள்ளே, நிறைமாதமாக இருந்த மகள் ஆரணி படுத்திருந்தாள்.

“பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில கறுப்புத் துணியோ? விடிய எழும்பி அவள் அதிலயோ முழிக்கிறது? நீங்கள் போனதும், அவள் எழும்ப முன்னம் எடுத்து லைட்டைப் போடுவன், வர முன்னம் மூடுவன். போன முறையும் பிள்ளை தங்கேல்லை...”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“அதை வாயால சொல்லலாமோ?”

வந்த கோபம் இறங்கிவிட்டது. போன முறை ஆஸ்பத்திரி வாசலில் அவரும் அழுதவர்தான்.

“சரி, செடியளைப் பிடுங்கிறன். தொட்டியும் வேண்டாம்,” என்றார். உண்மையாகத்தான் சொன்னார்.

கனகேஸ்வரி அறைக்குள் போனாள். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. தன் கல்யாணக் கூறைச் சேலையோடு வந்தவள், லைட்டை அணைத்து, அதை நாலாக மடித்துத் தொட்டியின் மேல் போர்த்தினாள்.

“உம்மட கூறையோ! நனையப்போகுது.”

“நனைஞ்சால் காயும். சிவப்புத்தானே, இது கிடக்கட்டும். நீங்கள் அந்தக் கறுப்பைக் கொண்டுபோய் வெளியில எறிஞ்சுபோட்டு வாங்கோ.”

துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவளைத் திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் சிவானந்தன் படியிறங்கினார்.