கிணற்றுக்குத் திரும்பும் தண்ணீர்

மலை மறைத்த பிறகும் சூரியன் இருக்கிறது என்பது குணபாலன் கட்சி. திண்டிவனம் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருந்த அந்தத் தெருவுக்கு மேற்கே மலைதான். வேறு ஊர்களில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே இங்கே தெருவில் நிழல் விழுந்துவிடும். விளக்கு வைத்த பிறகு வாயில் பருக்கை போகக்கூடாது என்பது நயினார் வீட்டு வழக்கம். சமணர்களை அந்தப் பக்கத்தில் நயினார் என்றுதான் சொல்வார்கள். ஜெயந்திமாலா நிழலைப் பார்த்ததும் தட்டை எடுத்து வைத்துவிடுவாள். புருஷன் வாலிபால் மைதானத்தில் இருப்பான்.

"நயினாரே, சூரியன் விசில் ஊதிட்டான், ஓடு!" என்று கூட ஆடுகிறவர்கள் கத்துவார்கள்.

"அது மலை நிழல்டா. அந்தாண்ட செங்கத்துல இன்னும் வெயில் கொளுத்துது" என்று சொல்லிவிட்டு இன்னொரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் வருவான். வந்து, கை கால் கழுவி, நாலு வாயில் சோற்றை முடிப்பான். பகலெல்லாம் வேர்க்கடலை உடைக்கிற மல்லாட்டை மில்லில் மூட்டை தூக்கிய உடம்பு. அதற்கு மேல் எப்படித்தான் குதிக்கிறானோ என்று ஜெயந்திமாலாவுக்கு ஆச்சரியமாக இருக்கும். சொல்லிக் காட்ட மாட்டாள். மகள் சந்தனா மட்டும், "அப்பாவுக்கு லேட்டு, அப்பாவுக்கு லேட்டு" என்று தட்டைச் சுற்றி ஓடுவாள்.

ஆடுகிறவர்கள் எல்லாரும் அண்ணாமலையார் இளைஞர் நற்பணி மன்றம். ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு ரேடியோ, ஒரு வலை, இரண்டு பெஞ்சு. தலைவர் டீக்கடை அருணகிரி. செயலாளர் குணபாலன். "அண்ணாமலையார் மன்றத்துக்கு ஒரு நயினாரு செயலாளராம்" என்று தெருவில் சிரித்தார்கள். மனு எழுதுகிற கையெழுத்து அவனுக்குத்தான் இருந்தது. முனிசிபாலிட்டிக் குழாய் மெயின் ரோட்டோடு நின்றிருந்தது. அதைத் தெருவுக்குள் கொண்டுவர அவன் எழுதாத மனு இல்லை. குழாய் வரும்வரை கிணறு. போன வருஷம் மன்றத்து ஆட்களே இறங்கித் தூர் வாரினார்கள். ஜெயந்திமாலாவும் பக்கத்து வீட்டுச் சரசுவும் வரிசையில் நின்று சேற்றுக் கூடையைக் கைமாற்றினார்கள். நாற்று நட்டுப் பழகிய இடுப்பு ஜெயந்திமாலாவுக்கு. சரசுதான் சாயங்காலம் எழுந்திருக்க முடியாமல் படுத்துக்கொண்டாள்.

தூர் வாரிய அன்று உண்டான சினேகிதம் அது. மத்தியானத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஒயர் கூடை பின்னுவார்கள். பச்சையும் வெள்ளையும் கலந்து நெளிவு விழப் பின்னுவதில் ஜெயந்திமாலாவுக்குக் கை வந்துவிட்டது. சரசுவுக்கு அடி எப்போதும் கோணிக்கொள்ளும்.

"என் கூடையில தேங்கா வெச்சா உருண்டு வெளிய வந்துடும்டி" என்பாள் சரசு.

ஆனால் தண்ணீர் விஷயத்தை மட்டும் ஜெயந்திமாலா சரசுவிடம்கூடச் சொன்னதில்லை. நயினார் வீட்டில் தண்ணீரை வடிகட்டாமல் குடிக்க மாட்டார்கள். குடத்து வாயில் இரண்டாக மடித்த வெள்ளைத் துணியைக் கட்டி இறைத்த தண்ணீரை அதில் ஊற்ற வேண்டும். துணியில் தங்குகிற பூச்சி புழு சாகக்கூடாது. நல்ல தண்ணீர் விட்டுத் துணியை அலசி, அந்த அலசல் தண்ணீரை எங்கே இறைத்தோமோ அதே கிணற்றில் விட வேண்டும். மேலே இருந்து வீசக்கூடாது, அடிபட்டுச் செத்துவிடும். அதற்கென்று அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு பித்தளைச் செம்பு வைத்திருந்தாள். கழுத்தில் ஒரு கயிறு, அடியில் ஒரு கயிறு. கழுத்துக் கயிற்றில் இறக்கி, தண்ணீரைத் தொட்டதும் அடிக்கயிற்றை இழுத்தால் செம்பு மெல்லக் கவிழும்.

கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த புதிதில் நாலு பேர் பார்க்கச் செய்தாள். "இன்னாமே, கிணத்துக்கே தண்ணி ஊத்துற?" என்று ஒரு கிழவி சிரித்ததும் கூச்சம் வந்துவிட்டது. அதிலிருந்து ஆள் வருவதற்கு முன்னால், விடிந்தும் விடியாமல் போய் முடித்துவிடுவாள். அவள் செய்த தப்பு அதுதான்.

எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கோடையில் ஏரிகளெல்லாம் வெடித்துக் கிடந்தன. கிணற்றில் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியது. முதலில் தெருக்கோடியில் ஒரு வீட்டில் வாந்தி பேதி. பிறகு பாஞ்சாலையின் மகனுக்கு வந்தது. பாஞ்சாலை சித்தாள் வேலைக்குப் போகிறவள். துவண்டு போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பிள்ளைக்கு குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. நயினார் வீட்டுக்காரி விடியக் காலையில் யாருமில்லாத நேரத்தில் கிணற்றுக்குள் எதையோ விடுகிறாளாம். கயிறு கட்டி விடுகிறாளாம். வாய்க்குள் என்னவோ சொல்கிறாளாம்.

சொன்னது மந்திரம்தான், மறுக்க முடியாது. பஞ்ச நமஸ்காரம் சொல்லாமல் அவள் எந்தக் காரியமும் செய்ததில்லை. பார்த்துச் சொன்னவள் சரசு.

மறுநாள் கிணற்றடியில் ஜெயந்திமாலா குடத்தை வைத்ததும் பக்கத்தில் இருந்த குடங்கள் தள்ளிப் போயின. சரசு மட்டும் ராட்டினத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"நானா எதுவும் கூட்டிச் சொல்லல ஜெயந்தி. கண்ணால பாத்தத சொன்னேன்."

"என்னாண்ட ஒரு வார்த்த கேட்டுட்டு சொல்லியிருக்கலாம்ல, அக்கா?"

"மத்தியானம் பூரா என் பக்கத்துல குந்திக்கினு கூட பின்றவ, நீ சொன்னியா? மறைச்சு செய்றவள நான் இன்னானு போய் கேக்கறது?"

ஜெயந்திமாலா அரைக் குடத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அன்றைக்கு குணபாலன் வாலிபால் ஆடவில்லை. மில்லிலிருந்து வந்தவனை மன்றத்துக் கொட்டகையில் உட்கார வைத்துப் பேசியிருந்தார்கள். நிழல் விழுவதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டான். சந்தனா, "அப்பா இன்னிக்கு லேட்டு இல்ல" என்று ஏமாற்றத்தோடு சொன்னது.

"கொஞ்ச நாளைக்கு அத நிறுத்திடு" என்றான் சோற்றைப் பிசைந்தபடி. "வடிகட்டிக்கோ. வேணாங்கல. அலசுற தண்ணிய முருங்க மரத்துக்கு ஊத்து."

"மரத்துக்கு ஊத்துனா காஞ்சு செத்துப்போவும்."

"எனக்குத் தெரியாதா? உன்ன கிணத்துல இறைக்க விடக்கூடாதுங்கறாங்க ஜெயந்தி. அருணகிரி அண்ணன்தான் அடக்கி வெச்சிருக்காரு. நாலு வருஷமா இந்த தெருவுக்கு ஓடிஓடி செஞ்சவன் நானு. என் பொண்டாட்டி கிணத்துல மருந்து போட்டானு என் மூஞ்சிக்கு நேரா சொல்றானுங்க."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"அது எங்க வழக்கம்னேன்."

"இன்னா வழக்கம்னு சொன்னீங்களா?"

குணபாலன் தட்டைப் பார்த்தான். அவனும் சொல்லவில்லை. அவன் பிறந்த ஊரில் எல்லாரும் நயினார்கள், சொல்ல அவசியமே வந்ததில்லை. இங்கே வந்து வாலிபாலும் மன்றமுமாக ஒட்டிக்கொண்ட பிறகு, துணியில் புழுவைப் பிடித்துத் திரும்ப விடுகிறோம் என்று சொல்ல அவனுக்கும் கூச்சமாகத்தான் இருந்திருக்கிறது. அது ஜெயந்திமாலாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. கோபம் வரவில்லை. அவளும் அதையேதானே செய்தாள்.

"நாளைக்கி நான் கிணத்தாண்ட கூட்டத்துல போறேன்" என்றாள்.

"வம்பு வேணாம்."

"தண்ணி இல்லாம எத்தினி நாளு இருப்பீங்க? கூட்டத்துலதான் போவேன்."

காலையில் கிணற்றடி நிறைந்த நேரமாகப் பார்த்துப் போனாள். ஒரு கையில் குடம், ஒரு கையில் இரட்டைக் கயிற்றுச் செம்பு. செம்பைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பாஞ்சாலையும் அங்கே நின்றிருந்தாள். பிள்ளைக்குக் கண் திறந்துவிட்டது, கஞ்சி வைத்து எடுத்துப் போக வந்திருந்தாள்.

ஜெயந்திமாலா யாரையும் கூப்பிடவில்லை. துணியைக் கட்டினாள். இறைத்தாள். ஊற்றினாள். குடம் நிறைந்ததும் துணியை அவிழ்த்து, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

"வந்து பாருங்க. இதத்தான் நான் உள்ள விடறேன்."

சரசுதான் முதலில் குனிந்தாள். வெள்ளைத் துணியில் நூல் நூலாகச் சிவப்புப் புழு நெளிந்தது. தலை பெருத்த கொசுப்புழு துள்ளியது. பித்தளைக் குடத்து இருட்டில் எந்தக் கண்ணுக்கும் தெரியாதவை.

"அடிப்பாவி, இதையா இத்தினி நாளா குடிச்சிக்கினு கீறோம்?" என்று சரசு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதத்தான். உங்க கிணத்துல வந்தத உங்க கிணத்துல விட்டேன். நான் கூட்டவும் இல்ல, கொறைக்கவும் இல்ல. வேற மருந்து மாயம் ஒண்ணும் எனக்குத் தெரியாது."

மந்திரப் பேச்சு அத்தோடு செத்தது. ஆனால் பாஞ்சாலை முன்னால் வந்தாள். மூன்று நாளாகத் தூங்காத முகம்.

"ஏம்மா, புடிச்ச சனியன வெளிய கொட்டாம மறுபடியும் உள்ள விடுவியா? எம்புள்ள வவுத்துக்குள்ள போறதுக்கா?"

"அதுங்களுக்கும் உசுருதானேக்கா."

"எம்புள்ளைக்கு?"

ஜெயந்திமாலா கையில் துணி ஈரமாகத் தொங்கியது. அதற்கு அவளிடம் எந்தச் சாஸ்திரமும் இல்லை. செம்பில் துணியை அலசினாள். எல்லார் கண்ணும் அவள் மேல் இருக்க, கழுத்துக் கயிற்றைப் பிடித்து மெல்ல இறக்கினாள். யாரும் தடுக்கவில்லை. கீழே செம்பு கவிழ்ந்த சத்தம் கேட்டது.

மத்தியானமே மன்றம் கூடிவிட்டது. கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும், இருக்கிற புழுவெல்லாம் ஒழிய வேண்டும் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். மில்லுக்கு அரைநாள் லீவு போட்டு மனுவை குணபாலன்தான் எழுதினான். சுகாதார இன்ஸ்பெக்டரிடம் கொடுத்துப் பவுடர் மூட்டையைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவனும் அவன்தான். முகம் கடுகடுவென்று இருந்தது. அருணகிரி வீடு வரைக்கும் கூட வந்தார்.

"குணா, நீ கையால தொட வேணாம்பா. உங்க மதத்துக்கு ஆவாது. நம்ம காசி கரைச்சு ஊத்திடுவான். நீ வீட்டுல இரு." காசி, சரசுவின் புருஷன்.

"சரிண்ணே" என்றான் குணபாலன். தலையிலிருந்து மூட்டை இறக்கினவன் மாதிரி மூச்சு விட்டான்.

அவர் போனதும் ஜெயந்திமாலா கேட்டாள். "மனு யாரு எழுதுனது?"

"நான்தான்."

"துணிய விரிச்சு காட்டுனது நான்தானே? நான் காட்டாம இருந்தா அதுங்க பாட்டுக்கு இருந்திருக்கும். நம்ம புள்ளயும் அந்த தண்ணிதான் குடிக்குது. போட்டுத்தான் ஆவணும். அதுக்கோசரம் பாவத்த காசி அண்ணன் கையில குடுத்துட்டு நாம சுத்தமா குந்திக்கிறதா? அது இன்னாங்க தருமம்?"

"நானே ஊத்தணுங்கறியா?"

"செயலாளர் நீங்கதானே."

குணபாலன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தான்.

அவன் பக்கெட்டில் பவுடரைக் கரைத்துத் தெளிய வைத்திருந்த நேரத்தில் ஜெயந்திமாலா ஒரு குடம் இறைத்தாள். வடிகட்டவில்லை. அப்படியே இடுப்பில் வைத்துக்கொண்டு, சந்தனாவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்தாள். ஏரியில் மதகடியில் எருமை படுக்கிற அளவுக்குத் தண்ணீர் மிச்சமிருந்தது. குடத்தை அதில் முங்கவிட்டுக் கவிழ்த்தாள். எடுத்த இடத்தில் விட வேண்டும் என்பதுதான் முறை, இது முறையில்லை. கிணற்றில் இருந்ததில் இது எந்த மூலைக்கு என்பதும் அவளுக்குத் தெரியும்.

"இன்னாம்மா விட்ட?" என்றது குழந்தை.

"முடிஞ்சத."

திரும்பி வரும்போது குணபாலன் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். பவுடர் நெடி தெருவரைக்கும் அடித்தது. காசி பக்கத்தில் நின்று, "நயினாரே, நான் ஊத்துறேன்னாலும் உட மாட்டேன்ட்டியே" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அன்று நிழல் விழுந்தபோது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமே தட்டு போட்டுக்கொள்ளவில்லை. சந்தனாவுக்கு மட்டும் ஊட்டிவிட்டுப் படுக்க வைத்தாள்.

பாஞ்சாலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்துவிட்டாள். ஜெயந்திமாலாவைக் கண்டால் தலையை ஆட்டுவாள், நின்று பேச மாட்டாள். அதற்கு மேல் எதிர்பார்க்கவும் நியாயமில்லை என்று ஜெயந்திமாலா நினைத்துக்கொண்டாள். கிணற்றடியில் மறுபடியும் குடத்துக்குப் பக்கத்தில் குடம் நின்றது. அவள் இப்போது எல்லாரும் வருகிற நேரத்துக்கே போனாள். சில நாள் துணியில் ஒன்றுமே தங்கவில்லை, வெள்ளையாகவே இருந்தது. ஆனாலும் அலசி, செம்பை இறக்கினாள்.

நெடி அடங்கி, ஆடியில் ஒரு மழை பெய்து கிணறு கொஞ்சம் ஊறிய பிறகு ஒரு நாள் சரசு குடத்து வாயில் காசியின் பழைய வேட்டித் துண்டைக் கட்டி வடிகட்டிக்கொண்டிருந்தாள். தெருவில் பாதிப் பேர் அந்தப் பழக்கத்துக்கு வந்திருந்தார்கள், புழுவைக் கண்ட பயம். முடிந்ததும் சரசு துணியை அவிழ்த்து, சாக்கடைப் பக்கமாக உதறக் கையை ஓங்கினாள்.

"அக்கா, இரு."

சரசு துணியை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணுதான்டி கீது. சின்னது."

"குடு இங்க."

"பாஞ்சால பாத்தா கத்துவா."

"கத்தட்டும். பதில் சொல்லிக்கிறேன்."

சரசு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் துணியை நீட்டினாள். ஜெயந்திமாலா அதைச் செம்புக்குள் அலசிக் கயிற்றை இறக்கினாள். செம்பு தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே சரசு அடிக்கயிற்றை இழுத்துவிட்டாள்.

"ஐயோ, அவசரப்படாதக்கா. தண்ணிய தொட்ட பொறவுதான் இழுக்கணும்."

"எனக்கு எதுதான் கோணாம வந்துது" என்றாள் சரசு. "மத்தியானம் வா. கூடைக்கு அடி போட்டு வெச்சிருக்கேன், நிமித்திக் குடு."