பதினேழாம் எண் தட்டு

அம்மா செத்து ஏழு மாதம் ஆகியும் அவளுடைய தோல் செல்கள் இன்குபேட்டருக்குள் உயிரோடு இருப்பதாகத்தான் மகள் நம்பினாள். மறதி நோய் ஆராய்ச்சிக்காக, அம்மா படுக்கையில் கிடந்தபோதே கையிலிருந்து மிளகளவு தோல் எடுத்திருந்தார்கள். மகளுக்கு வேலையும் அதே ஆய்வகத்தில்தான். அவள் கண்ணில் யாராலும் மண்ணைத் தூவ முடியாது என்பதால் அங்கே அவளுக்குக் கழுகுக்கண் என்று பெயர்.

செல்களை வளர்க்கும் தட்டுகள் மொத்தம் இருபத்திரண்டு. பாதி நோயாளிகளுடையவை, பாதி ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமானவர்களுடையவை. ஆள் போதவில்லை என்று கழுகுக்கண்ணும் தன் தோலைக் கொடுத்திருந்தாள். பார்க்கிறவர் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாதென்று தட்டில் எண் மட்டும்தான். பெயர்ப் பட்டியல் ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மாவின் மேசையில், ஒட்டிய உறைக்குள். மைக்ரோஸ்கோப்பில் மைட்டோகாண்ட்ரியாக்களைப் பார்த்து எண்ணுவது இவள் வேலை. செல்லுக்குள் அடுப்பெரிப்பவை அவைதான். அந்த அடுப்பு மங்குவதால்தான் மூளை தடுமாறுகிறதோ என்பது டாக்டரம்மாவின் சந்தேகம்.

பதினேழில் அடுப்பு அணைந்துகொண்டிருந்தது. நூல்நூலாக ஓட வேண்டியவை உடைந்து, உப்பி, ஓரத்தில் ஒண்டிக் கிடந்தன. பார்த்ததுமே அவள் முடிவு செய்துவிட்டாள். அம்மாதான். பெயரை மறைத்தால் பெற்றவளை அடையாளம் தெரியாதா என்ன? அன்றிலிருந்து தினமும் காலையில், "என்னம்மா, நல்லா இருக்கியா?" என்று பதினேழைக் கேட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு மைட்டோகாண்ட்ரியா வரும், அம்மாவின் பழுது தனக்கும் வந்திருக்கலாம் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் நன்றாக இருக்கும் தட்டுகளில் ஏதோ ஒன்றுதான் தன்னுடையது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

எண்ணி முடித்த அன்று டாக்டரம்மா உறையைப் பிரித்தார். பட்டியலைப் பார்த்துவிட்டு மறுபடி உறைக்குள் செருகினார்.

"பதினேழு எங்கம்மாதானே?"

"இல்ல. உங்கம்மா ஒன்பது. வளரவே இல்லன்னு மூணாவது வாரமே நீங்கதான் அதைக் கொட்டினீங்க."

"அப்ப பதினேழு யாரு?"

"கொஞ்சம் உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. இத்தனை நாள் நலம் விசாரித்தது தன்னைத்தான் என்பது அவளுக்கு விளங்கியது.

"இதை மட்டும் வச்சு நோய் வரும்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. பிறகு தயங்கினார். "இன்னொண்ணு. அடுத்த வரிசையில இருபத்திமூணு உங்க பொண்ணோடது. நீங்க லீவுல இருந்தப்ப வந்து குடுத்துட்டுப் போனா. அம்மாகிட்ட சொல்லாதீங்கன்னா. நாளைக்கு நீங்க பாக்க வேண்டிய தட்டு."

பதினோரு வருடத்தில் ஒரு வேலையைக்கூட அவள் வேண்டாம் என்றதில்லை.

"அதை வேற யாராவது பாக்கட்டும், டாக்டர்" என்றாள். "நான் பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும்."