ஏழு மணிப் புகை

ஹெல்காவுக்குப் புகை என்றாலே ஆகாது. யொல்க்கா குன்றின் உச்சியில் பதினோரு குளிர்காலங்களாகக் காற்றை அளந்துகொண்டிருப்பவளுக்கு எப்படி ஆகும்? தெற்கே உள்ள ஊர்களும் ஆலைகளும் துப்புகிற கரி எவ்வளவு தூரம் பறந்து வடகோடி லாப்லாந்தின் பனிமேல் படிகிறது, அதனால் பனி எத்தனை நாள் முன்னதாக உருகுகிறது, கலைமான் மேயும் பாசி எவ்வளவு பட்டுப்போகிறது என்று பார்ப்பதற்காகவே ஏற்பட்ட நிலையம் அது. ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து வரும் புகையைத் தேடுகிறவளுக்கு அடுத்த அறைப் புகை ஜென்மப் பகை. சமையலறையில் ரொட்டி கருகினால்கூட மாடியில் இருக்கும் கருவி மோந்துவிடும்.

அதற்காகத்தான் புகைப் புத்தகம் வைத்திருந்தார்கள். சவுனா என்கிற நீராவிக் குளியல் கொட்டகையில் அடுப்பு மூட்டினாலும் சரி, பனிவண்டியைக் கிளப்பினாலும் சரி, நேரம் போட்டு அதில் எழுதிவிட வேண்டும். அந்த நேரத்தில் கருவி காட்டியதை ஹெல்கா 'உள்ளூர்ப் புகை' என்று குறித்து ஒதுக்கிவிடுவாள். ஒதுக்கியது ஒதுக்கியதுதான். அதை மறுபடி யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மேற்குப் பக்கம் இன்னும் கெடுபிடி. நிலையத்துக்கு மேற்கே பத்து கிலோமீட்டர் 'சுத்த நிலம்'. அங்கே இன்ஜின் கூடாது, நெருப்புக் கூடாது. மான் மேய்ப்பவர்கள் கட்டிய பழைய குடிசை ஒன்று அங்கே ஒரு பள்ளத்தில் கிடந்தது. நிலையம் வந்ததிலிருந்து அதில் யாரும் தங்குவதில்லை.

பிப்ரவரி பதினேழாம் தேதி காலை ஏழு மணிக்கு ஹெல்கா காப்பியோடு திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பதினோரு வருடமாக அதே நேரம், அதே நாற்காலி. வெளியே இன்னும் விடியவில்லை. கருவியின் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்தது. விறுவிறுவென்று ஏறி, நாலு நிமிடம் உச்சியில் நின்று, பழையபடி படுத்துக்கொண்டது.

"ரெய்யோ!"

மெக்கானிக் ரெய்யோ கறுப்பு ரொட்டியை மென்றபடியே வந்தான். அறுபதைத் தாண்டியவன்; அந்தக் குன்றில் ஓடுகிற எல்லா மோட்டாருக்கும் அவன்தான் வைத்தியன்.

"சவுனா மூட்டினா எழுதித் தொலைன்னு எத்தனை தடவை சொல்றது? இந்த மாசத்துல இது எட்டாவது தடவை. எட்டுக்கும் நானே உன் பேரைப் போட்டு எழுதிக்கிட்டு இருக்கேன்."

"நான் மூட்டவே இல்லையே."

"நெருப்பில்லாம புகையுமா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லு."

"டாக்டரம்மா, அர்வி போனதுலேர்ந்து நான் சவுனா பக்கமே எட்டிப் பாக்கல. என் மேல அடிக்கிற நாத்தத்தை வச்சாவது உனக்குத் தெரிஞ்சிருக்க வேணாமா?"

நிலையத்தின் மூன்றாவது ஆள் அர்வி. பனியைத் தோண்டி மாதிரி எடுத்து வருவது அவன் வேலை. மூன்றாம் தேதி இருட்டோடு சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு போனவன் திரும்பவில்லை. முதல் நாள் மாலை 'கிழக்கு ஏரி' என்று அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்திருந்தான். மீட்புக் குழு கிழக்கே எட்டு நாள் தேடியது. பனிமூட்டம் விலகிய நேரத்தில் ஹெலிகாப்டரும் பறந்தது. பதினோராம் தேதி எல்லாரும் கீழே இறங்கிவிட்டார்கள். வசந்தத்தில் பனி உருகினால் உடல் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"வா, நீயே வந்து பாரு" என்று ரெய்யோ அவளைக் கொல்லைக்கு இழுத்துப் போனான். சவுனாக் கதவைத் திறந்தான். வாளித் தண்ணீர் அடிவரை உறைந்து பிளந்திருந்தது. அடுப்புக் கற்களின் மேல் உறைபனி வெள்ளையாகப் பூத்திருந்தது.

"இதுலயா இன்னைக்குக் குளிச்சேன்?"

ஹெல்கா மாடிக்கு ஏறினாள். கருவிக்குள் ஓடும் வெள்ளைக் காகித நாடாவில், உறிஞ்சிய காற்றின் கரி வட்ட வட்டமாகப் படியும். இன்றைய வட்டம் மை கொட்டினது போல இருந்தது. நாடாவைத் தொடக்கூடாது, மூச்சுப் படக்கூடாது என்று ஊருக்கே பாடம் எடுப்பவள், அதைப் பிய்த்து மூக்கில் வைத்தாள். பூர்ச்சமரப் பட்டை எரிந்த வாசனை.

ஒதுக்கியதையெல்லாம் திரும்ப எடுத்து ஒரு தாளில் எழுதினாள். ஐந்தாம் தேதி, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினைந்து, பதினாறு, பதினேழு. எட்டும் காலை ஏழு மணிக்கு. எட்டு நாளும் மேற்குக் காற்று. "கடைசி மூணும் பெரிசு" என்றாள்.

"மேற்கே யாரு இருக்கா?" என்றான் பின்னாலேயே வந்து நின்ற ரெய்யோ.

"யாரும் இல்ல."

"அப்புறம் யாரு மூட்டுறா?"

ஹெல்கா மூன்றாம் தேதிக் காற்றுப் பதிவைப் புரட்டினாள். பின்னிரவு நாலு மணிக்குக் கிழக்குக் காற்று மேற்குக் காற்றாக மாறியிருந்தது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம்தான் பனி எடுக்க வேண்டும் என்பது நிலையத்தின் விதி. ரெய்யோ மீறுவான், அவளே மீறுவாள், அர்வி மட்டும் மீறவே மாட்டான். பலகையில் எழுதியதைத் திருத்தாமல் பேசாமல் மேற்கே போயிருக்கிறான். இந்த வேலை செய்கிறவர்கள் காற்றைப் பார்த்தாலே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

மீட்புக் குழுத் தலைவர் தேடத் தொடங்கிய மூன்றாம் நாள் கேட்டிருந்தார், "மேற்கேயும் நாலு வண்டி விட்டுப் பார்க்கட்டுமா?" என்று. அவள்தான் வேண்டாம் என்றாள். கிழக்கே என்று எழுதியிருக்கிறான், கிழக்கேதான் போயிருப்பான் என்றாள். நாலு வண்டி ஓடினால் ஒரு வாரப் பதிவு பாழாகுமே என்ற எண்ணமும் அப்போது உள்ளுக்குள் ஓரமாக இருந்தது. அது இப்போது முன்னால் வந்து நின்றது. அவள் வெட்கத்தில் கூசிப்போனாள்.

"வண்டியை எடு" என்றாள்.

"சுத்த நிலத்துக்குள்ளயா?"

"எடு ரெய்யோ!"

கம்பளி, சூடான காப்பி, முதலுதவிப் பெட்டி, சாட்டிலைட் போன், பின்னால் ஒரு சறுக்குவண்டி. ரெய்யோ ஓட்ட, அவள் அவன் முதுகுக்குப் பின்னால் குந்தியிருந்தாள். எட்டு புகையை எழுதிய தாள் சட்டைப் பைக்குள் இருந்தது. கிழக்கே வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. பதினோரு வருடத்தில் சுத்த நிலத்தில் இன்ஜின் சத்தம் கேட்பது அதுதான் முதல் தடவை.

"கடைசி மூணும் பெரிசுன்னியே?" என்று ரெய்யோ கத்திக் கேட்டான்.

"ஆமா, ஒண்ணை விட ஒண்ணு பெரிசு. இன்னைக்கு வந்ததுதான் எல்லாத்துலயும் பெரிசு."

"அப்ப பய தெம்பா இருக்கான்! கட்டையைப் போட்டு எரிக்கிறான் பாரு. உன்னை என்ன கேள்வி கேக்கப் போறான்னு மட்டும் யோசிச்சு வச்சுக்க. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேப்பான்."

கேட்கட்டும் என்று ஹெல்கா மனசார வேண்டிக்கொண்டாள். ஆயுசுக்கும் கேட்டுக்கொண்டே இருக்கட்டும், உயிரோடு இருந்தால் போதும்.

ஏழு கிலோமீட்டர். மேடு ஏறி இறங்கியதும் பள்ளத்தில் குடிசை தெரிந்தது. ரெய்யோ சந்தோஷத்தில் ஹாரனை அமுக்கினான். ஹெல்கா புகைபோக்கியைப் பார்த்தாள். அதன் தலையில் ஒரு முழம் பனி குந்தியிருந்தது. கடைசியாகப் பனி பெய்தது பதினாலாம் தேதி. அதற்கப்புறம் கீழேயிருந்து ஒரே ஒருதரம் சூடு வந்திருந்தாலும் அந்தப் பனி சரிந்திருக்கும்.

அவள் அதை ரெய்யோவிடம் சொல்லவில்லை.

கதவை மூடி நின்ற பனியை மண்வாரியால் வாரித் தள்ளினார்கள். அதில் ஒரு காலடி கிடையாது. உள்ளே வெளியை விடக் குளிராக இருந்தது. அர்வி சுவரோரக் கல்திட்டில் உட்கார்ந்திருந்தான். வலது காலைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தான். முகம் கிழக்குச் சன்னலைப் பார்த்தபடி இருந்தது. மேட்டுக்கு மேலே நிலையக் கம்பத்தின் சிவப்பு விளக்கு அங்கிருந்து பளிச்சென்று தெரிந்தது.

"அர்வி. டேய், அர்வி!" ரெய்யோ அவன் தோளைத் தொட்டான். தொட்ட கையை உடனே எடுத்துக்கொண்டான். பிறகு மண்டியிட்டு, இரும்பு அடுப்பின் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டான்.

"ஐஸு" என்றான். "சாம்பலு கல்லா உறைஞ்சு கிடக்கு. இது எரிஞ்சு நாளாச்சு ஹெல்கா."

குடிசையில் மேசை இல்லை, அலமாரி இல்லை, சறுக்குப் பலகைகளும் இல்லை. எல்லாம் அடுப்புக்குள் போயிருந்தன. பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டிகள் மட்டும், தேதிச் சீட்டு ஒட்டி, மூலையில் ஒழுங்காக அடுக்கியிருந்தன. சுவர் ஆணியில் குடிசைப் புத்தகம் தொங்கியது. யார் வந்தாலும் பேர் எழுதிவிட்டுப் போகிற புத்தகம். அர்வியின் கையெழுத்து நாலு பக்கம் நீண்டிருந்தது. ஹெல்கா சன்னல் வெளிச்சத்தில் படித்தாள்.

'3. காத்து திரும்பினதால மேற்கே வந்தேன். சரிவுல விழுந்து கால் போச்சு. தவழ்ந்து வந்து சேர்ந்தேன். போன் குளிர்ல செத்துப்போச்சு. காத்தைப் பார்த்து கண்டுபிடிச்சிடுவாங்க.

5. மேற்குக் காத்து. ஏழுக்குப் புகை போய்ச் சேர்ற மாதிரி மூட்டினேன். ஹெல்கா திரைக்கு முன்னால உட்கார்ற நேரம்.

6. மேற்கு. ஏழுக்கு. ஹெலிகாப்டர் சத்தம் கிழக்கே கேட்குது.

7. வடக்குக் காத்து. மூட்டல. விறகு கொஞ்சம்தான் இருக்கு. புகை அவகிட்ட போகாத நாள்ல எரிச்சா வீண்.

8. வடக்கு. மூட்டல. குளிர் தாங்கல.

9. மேற்கு. ஏழுக்கு.

10. வடக்கு. மூட்டல.

11. வடக்கு. மூட்டல. சத்தம் நின்னுபோச்சு.

12. மேற்கு. சறுக்குப் பலகை ரெண்டையும் போட்டேன். பெட்டிகளையும் போடலாம், ஆனா பிளாஸ்டிக். குப்பைன்னு தள்ளிடுவா. சுத்தமான மரப்புகையாவே போகட்டும்.

13. மேற்கு. மேசையோட கடைசிக் கால். இதுக்கு மேல ஒண்ணும் இல்ல. ஹெல்கா பார்த்திருப்பா.'

அதோடு முடிந்திருந்தது. அடுத்த பக்கம் வெறுமையாக இருந்தது. அதற்கடுத்த பக்கமும்.

ஹெல்கா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். தன்னைச் சூடேற்றிக்கொள்ள வேண்டிய விறகைச் சேர்த்துச் சேர்த்து வைத்து, காற்று அவள் பக்கம் அடிக்கிற நாளில் மட்டும் எரித்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் அவள் பார்த்தாள். காப்பியைக் குடித்துக்கொண்டே பார்த்தாள், ரெய்யோவைத் திட்டிக்கொண்டே ஒதுக்கினாள். ஐந்தாம் தேதியே புறப்பட்டிருந்தால் அரைமணி நேரத்தில் வந்திருப்பாள்.

ரெய்யோ கம்பளியை எடுத்து அர்வியின் மேல் போர்த்தினான். செத்தவனுக்குக் குளிரும் என்பதுபோல ஓரமெல்லாம் பார்த்துப் பார்த்துச் செருகினான். பிறகு சாட்டிலைட் போனில் கீழே நகரத்துப் போலீசுக்குச் சொன்னான். ஆள் கிடைத்துவிட்டான், உயிரில்லை, உறைந்து நாலு நாள் ஆகியிருக்கும், அடுப்பு ஐசாகிக் கிடக்கிறது என்றான். போனை ஹெல்காவிடம் நீட்டினான்.

"பொறுப்பு அதிகாரி நீங்கதானே?" என்றாள் மறுமுனையில் ஒரு பெண். இளம் குரல், இரக்கமான குரல். "ஒண்ணு ரெண்டு விவரம் மட்டும் கேட்டுக்கறேன், மன்னிச்சுக்கங்க. அவர் உயிரோட இருந்ததுக்குக் கடைசி அடையாளம் என்ன?"

"பதிமூணாம் தேதி கைப்பட எழுதியிருக்கார். அன்னைக்குக் காலைலயும் அடுப்பு மூட்டியிருக்கார். அந்தப் புகை ஏழு மணிக்கு எங்க கருவியில பதிவாகியிருக்கு."

"சரி. அதுக்கப்புறம் எதுவும் இல்லையே?"

ஹெல்கா சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்துப் பிரித்தாள். பதினைந்து, பதினாறு, பதினேழு. இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. கருவிக் கோளாறு என்று ஒரு வரி எழுதிவிட்டால் உலகத்தில் ஒருவரும் கேள்வி கேட்கப் போவதில்லை. அந்த மாதிரி வரிகளை எழுதுவதில் அவளுக்கு இருக்கும் கைப்பழக்கம் யாருக்கு உண்டு?

"இருக்கு" என்றாள். "பதினஞ்சு, பதினாறு, அப்புறம் இன்னைக்கு. மூணு நாளும் ஏழு மணிக்கு இங்கேருந்து புகை வந்திருக்கு."

ரெய்யோ மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு அடுப்பைப் பார்த்தான். பார்த்தபடியே பின்னுக்கு நகர்ந்து கதவோரம் போய் நின்றுகொண்டான்.

போனில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"எனக்குப் புரியல மேடம். அவர் இறந்து நாலு நாளாச்சுன்னு இப்பத்தானே சொன்னாங்க? அடுப்புல ஐஸுன்னு சொன்னாங்களே?"

"ஆமா."

"வேற யாராவது அந்தக் குடிசையில இருந்திருக்கலாமோ?"

"கதவுல பனி மூடியிருந்தது. புகைபோக்கியிலயும் பனி. யாரும் இல்ல."

"அப்ப அந்த மூணும் ஏதாவது தப்பா இருக்கும். அதை விட்டுடறேன், என்ன?"

"விடாதீங்க" என்றாள் ஹெல்கா. தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். "எட்டு இருக்கு. நான் ஒண்ணொண்ணா சொல்றேன், தேதியும் நேரமும் போட்டு எட்டையும் எழுதிக்கங்க."