பாங்கு நேரத்துச் சோடா

எங்கள் தெருவில் யாருக்காவது பொன்னாடை போர்த்த வேண்டுமென்றால் அது சைனம்புவுக்குத்தான். அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. எண்பத்தைந்து வெள்ளத்தில் பூந்தமல்லியில் எங்கள் தெரு மிதந்தபோது, கஞ்சி அண்டாவைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, இடுப்பளவு ஆழத்தில் அதைத் தள்ளிக்கொண்டு வீடு வீடாக வந்தவள் அவள். என் பிள்ளைகள் மூன்றும் பரண்மேல் பசியோடு உட்கார்ந்திருந்தன. முதல் கரண்டி அதுகளுக்குத்தான் விழுந்தது.

ஆறு மாதம் கழித்து, நலச்சங்கத் தலைவர் உலகநாதன் சாருக்கு அது ஞாபகம் வந்தது. 'மத நல்லிணக்கப் பாராட்டு விழா' என்று நோட்டீஸ் அடித்தார். தேதி வைத்தார் பாருங்கள், கத்திரி வெயிலில், ரம்ஜான் நோன்பு நடுவில்! அவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டுமென்று சங்கத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

சைனம்பு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "சார், நோன்பு தொறக்கறதுக்குள்ள என்னை அனுப்பிருங்க."

"நாலு மணிக்கு ஆரம்பிச்சா அஞ்சுக்கு முடிஞ்சிரும்மா" என்றார் தலைவர்.

சிறப்பு விருந்தினர் வந்து சேரும்போதே மணி ஆறு. அதுவரை அவளை மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். மேடையிலிருந்த எல்லோருக்கும் கோலி சோடா வந்தது, அவளுக்கும் ஒன்று. "குடிங்கம்மா, வெக்கப்படாதீங்க" என்று தலைவர் மைக்கிலேயே உபசாரம் வேறு! அவள் சிரித்துக்கொண்டே வாங்கி, உடைக்காமல் நாற்காலிக்கு அடியில் வைத்தாள். உதடு வெடித்திருந்தது. நான் முன்வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விருந்தினர் பேசினார். அவர் முடித்ததும் தலைவர் மைக்கைப் பிடித்துக்கொண்டார். சைனம்பு முந்தானை முடிச்சில் பேரீச்சம்பழம் வைத்திருப்பது எனக்குத் தெரியும். அவள் விரல் அந்த முடிச்சையே தடவிக்கொண்டிருந்தது.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அப்பாடா, இனி விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். தலைவர் பேச்சை நிறுத்தினார். "அனைவரும் எழுந்து, பாங்கு முடியும்வரை மௌனமாக மரியாதை செலுத்துவோம்" என்று சொல்லிக் கண்ணை மூடிக் கைகூப்பினார். கூட்டம் மொத்தமும் எழுந்தது. சைனம்புவும் எழுந்து நின்றாள், வேறு என்ன செய்வாள் பாவம்? விடியற்காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் படாத தொண்டை. பாங்கு கேட்டால் குடிக்கலாம், அதற்காகத்தான் அவள் இத்தனை நேரம் காத்திருந்தாள். இவர்களோ பாங்கு கேட்டதும் அவளை ஆடாமல் அசையாமல் நிற்க வைத்துவிட்டார்கள். மரியாதையாம்! எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

விறுவிறுவென்று மேடை ஏறினேன். "ஏய், இன்னாம்மா பண்ற? எறங்கு!" என்று பின்னாலிருந்து யாரோ அடிக்குரலில் அதட்டினார்கள். நாற்காலிக்கு அடியிலிருந்த சோடாவை எடுத்துக் கட்டைவிரலால் கோலியை அழுத்தினேன். மைக் பக்கத்தில் இருந்ததை யார் கண்டது? 'டப்'பென்ற சத்தம் தெருக்கோடிவரை போயிற்று.

"முடிச்ச அவுருடி. துன்னுட்டுக் குடி" என்றேன்.

அவள் பிஸ்மில்லா சொல்லிப் பழத்தை வாயில் போட்டாள். சோடாவை வாங்கியபோது கொஞ்சம் புடவையில் சிந்தியது. குடித்து முடிக்கும்வரை பாட்டிலை வாயிலிருந்து எடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

தலைவர் கண்ணைத் திறந்து பார்த்தார். பாங்கு முடியும்வரை பொறுத்திருந்து, "உன்னை யாரும்மா மேடைக்குக் கூப்பிட்டது?" என்று என்மேல் பாய்ந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சைனம்பு முந்திக்கொண்டாள்.

"வெள்ளத்துல இவ ஊட்டுக்கு நான் கஞ்சி எத்துகினு போனேனே சார், அப்போ என்னை யாரு கூப்ட்டாங்க?"

மைக் அதையும் தெருக்கோடிவரை கொண்டுபோனது. விருந்தினர் பொன்னாடையைப் பிரித்துக் கையில் பிடித்தபடி நின்றார்.

சைனம்பு முடிச்சில் மிச்சமிருந்த பழத்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

"நீயும் துன்னு, வேம்புலி" என்றாள்.