நெட்டலைத் தெருவில் எமல்டாவின் கை

நெட்டலைத் தெருவில் காலை அலை வரும்போது வீடுகள் ஒன்றையொன்று நெருக்கும். அலை தாண்டியதும் விலகி, அதனதன் இடத்துக்குத் திரும்பிவிடும். பக்கத்துக் குறுக்கலைத் தெருவில் வீடுகள் ஏறி இறங்குவதோடு சரி.

நெருக்கத்தில் ஜெசிந்தாவுக்கு ஆட்சேபணை இல்லை. நெருங்குவது ஓரகத்தி எமல்டாவின் வீடு என்பதுதான் வயிற்றெரிச்சல். இறுக்கம் முற்றும் நேரம் பார்த்து எமல்டாவின் சமையலறை ஜன்னல் இவள் அடுப்புக்கு மேல் வந்து நிற்கும். ஒரு கை நீளும். கொதிக்கிற மீன் குழம்பில் உப்பு விழும்.

"உங்களை யாரு கேட்டா, அக்கா?"

"என் கொழுந்தன் எத்தனை நாளைக்குத்தாட்டி உப்பில்லாமத் திம்பான்?"

பதில் சொல்ல இவள் வாயைத் திறப்பதற்குள் தளர்வு வந்துவிடும். எமல்டா கை, ஜன்னல், வீடு சகிதமாக விலகிப் போய்விடுவாள். கல்யாணமான நாளிலிருந்து ஜெசிந்தா ஒரு சண்டையைக்கூட உருப்படியாக முடித்ததில்லை.

பொறுத்தது போதுமென்று, குறுக்கலைத் தெரு பிசிக்ஸ் வாத்தியார் சவரிராயனோடு வீட்டை மாற்றிக்கொண்டாள். மிக்சியையும் புருஷனையும் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் காலை வீடு ஏறியது. முகட்டில் நின்றபோது ஊரிலுள்ள தண்ணீர்த் தொட்டிகளெல்லாம் தெரிந்தன. பிறகு அகட்டுப் பள்ளத்துக்கு இறங்கியது. ஒருத்தி கையும் நீளவில்லை. ஜெசிந்தா நிம்மதியாக வெங்காயம் உரித்தாள்.

அலை தாண்டியதும் எல்லாம் அதனதன் இடத்துக்குத் திரும்பின. பாதி உரித்த வெங்காயத்தோடு அவள் தன் பழைய வீட்டு அடுப்புக்கு முன்னால் நின்றாள். வாசலில் வாத்தியாரின் பீரோ தன் வீட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. வழிவிட்டாள். வேறென்ன செய்ய?

அடுத்த காலை இறுக்கம் வந்தது. ஜன்னல் வந்தது.

"என்னட்டி, சீமைக்குப் போயிட்டு வந்தாச்சா?"

திட்டலாமென்று ஜெசிந்தா வாயைத் திறந்தாள். உள்ளே கோபம் இல்லை. தேடிப் பார்த்தாள், வழக்கமாக இருக்கிற இடத்தில் இல்லை.

"ஏட்டி, உன்னத்தாம் கேக்கேன். ஏதாவது சொல்லித் தொலையேன்!"

தளர்வு வந்து, கேட்ட கேள்வியோடு எமல்டாவைக் கொண்டுபோனது.

போன் அடித்தது. வாத்தியார்தான்.

"அம்மா, உங்க கோபம் இங்க நின்னுட்டு. அலை ஆளைக் கொண்டுபோகாது, ஆள்கிட்ட உள்ளதைத்தான் கொண்டுபோகும். கூடத்துல உட்கார்ந்து என் வீட்டுக்காரியை ஒரு வேலை செய்ய விடமாட்டேங்குது."

"திருப்பி அனுப்புங்க சார். எனக்கு இங்க அவசரமா வேணும்."

"திரும்பாதும்மா. நாளைக்கு அடுத்த வீடு, மறுநாள் அதுக்கடுத்த வீடு, அப்படியே போயிட்டிருக்கும். அடுத்த வீட்டம்மா இப்பமே வந்து நிக்காங்க. அது சைவமா அசைவமான்னு கேக்காங்க."

ஜெசிந்தா அடுப்பைத் தணித்தாள்.

"வெள்ளிக்கிழமை மட்டும் சைவம், சார்."