தகர வீட்டின் கால்கள்

லார்ச் தெருவில் பதினேழாம் எண் வீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு போனால்கூடக் கண்டுபிடித்துவிடலாம் என்பார்கள். இங்கிலாந்தில் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, செங்கல்லும் கொத்தனாரும் கிடைக்காத காலத்தில், ஆலையில் செய்து லாரியில் வந்து இறங்கிய இரும்புச் சட்ட வீடுகள் அந்தத் தெரு முழுக்க. கீழே சிமெண்ட் பூச்சு, மேலே வரிவரியாக மடிந்த தகடு. இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்படி ஒட்டிய ஒன்றின் பாதி மட்டும் அடி முதல் கூரை வரை தேன் நிறக் கல்லைப் போர்த்திக்கொண்டு நின்றது. மீதிப் பாதி பழைய தகரமாகவே இருந்தது.

அந்தக் கல் பாதியைத்தான் லோர்னா டாக் வாங்க நினைத்தாள். நாட்டிங்ஹாம் ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை. மீன் வறுக்கும் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் பதினோரு வருடமாக வாடகைக்கு இருந்தாள். அவளுடைய தலையணையில்கூட எண்ணெய் வாசனை அடித்தது. பதினேழாம் எண்ணின் சமையலறை ஜன்னலில் ஒரு முறை நின்று பார்த்துவிட்டு வந்தவள், அன்று முதல் மனதுக்குள் அங்கேயே குடியிருந்தாள்.

ஆனால் வங்கி ஒரு நிபந்தனை போட்டது. மூலைகளில் நிற்கும் இரும்புத் தூண்களின் அடிப்பாகத்தை, வீட்டைச் சோதிக்கும் சர்வேயர் கண்ணால் பார்க்க வேண்டும். துரு இல்லை என்று எழுதித் தந்தால்தான் கடன்.

சர்வேயர் ஹாடோ சனிக்கிழமை காலையில் வந்தார். ஒல்லியான மனிதர், முட்டி வெளுத்த கால்சட்டை. வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்தார். கல்லைத் தட்டினார். கல் தரைக்குள் இறங்கியிருந்த இடத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"மிஸ்டர் அவுட்ரம், மூலையில நாலு கல்லைப் பேத்தெடுக்கணும்."

வீட்டுக்காரர் சிரில் அவுட்ரம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"பேத்தெடுக்கறதா? உங்க வீட்டுக்கு நான் கடப்பாரையோட வந்தா கதவு திறப்பீங்களா?"

"டாக்டர்கிட்ட காலைக் காட்ட வந்துட்டு பூட்ஸைக் கழட்ட மாட்டேன்னா எப்படிங்க?"

"பூட்ஸ் நல்லாத்தான இருக்கு? அதைப் பாத்து எழுதுங்க."

லோர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. பயமும் வந்தது. இதே பேச்சில்தான் இதற்கு முன் இரண்டு பேர் வாங்காமல் திரும்பிப் போனார்கள் என்று தெருவில் சொல்லியிருந்தார்கள்.

அந்தக் கல்லின் கதையைத் தேநீர் ஊற்றும்போது சிரிலே சொன்னார். எண்பத்து நான்கில் நகராட்சியிடமிருந்து வீட்டைச் சொந்தமாக வாங்கினார். அதற்கு முன் அவர் மனைவியின் அக்கா ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. "டப்பாக்குள்ள உக்காந்து டீ குடிக்க நான் என்ன மத்தி மீனா?" என்று கேட்டவள். அவளுக்காகவே ஒரு கோடை முழுக்க உழைத்துக் கல் பதித்தார். அவள் வந்தாள். கேக் சாப்பிட்டாள். கல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியில் ஹாடோ வேறு வழி சொன்னார். உள்ளே இருந்து, சுவரடிப் பலகையைக் கழற்றி, அட்டைச் சுவரில் ஒரு புத்தக அளவுக்கு வெட்டிப் பார்க்கலாம். சிரில் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்.

சமையலறை மூலை நன்றாக இருந்தது. ஐம்பது வருடத்துக்கு முன் துருப் பிடிக்காமலிருக்க ஆலையில் யாரோ பூசிய செம்பூச்சு அப்படியே இருந்தது. லோர்னா அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

முன்னறையில் சோபாவை நகர்த்தினார்கள். ஹாடோ டார்ச்சை உள்ளே நீட்டினார். பிறகு எழுந்து டார்ச்சை அவளிடம் கொடுத்தார். தூணின் அடியில் இரும்பு ஏடு ஏடாகப் பிரிந்து வீங்கியிருந்தது. ஹாடோ திருப்புளியால் தொட்டதும் ஒரு ஏடு உதிர்ந்தது.

"மத்த வீட்டுலெல்லாம் மழைத் தண்ணி வழிஞ்சு வெளிய போயிடும். இங்க கல்லும் காரையும் தரைவரைக்கும் அடைச்சிருக்கு. உள்ள போன தண்ணிக்கு வெளிய வர வழியில்ல."

சிரில் சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தார்.

"மூடிருங்க. நல்ல மூலையை மட்டும் எழுதுங்க. வாங்கப்போறவ இவ. இவளுக்குச் சரின்னா உங்களுக்கு என்ன?"

இருவரும் லோர்னாவைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்கு நடுவே அவள் மனதுக்குள் ஜன்னலில் திரை மாட்டினாள், படுக்கை போட்டாள், ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே வாழ்ந்தாள்.

"மூடிட்டா வீடு விழுந்துருமா?" என்று கேட்டாள்.

"விழாது. பத்து, இருபது வருஷம் நிக்கும். ஆனா நீங்க விக்கிற அன்னைக்கு ஒருத்தன் வந்து இதே அட்டையை வெட்டுவான். அப்போ இந்த சோபாவுல நீங்க உக்காந்திருப்பீங்க," என்றார் ஹாடோ. "அது போகட்டும். நான் பாத்ததை எழுதாம இருக்க முடியாதும்மா. எழுத வேண்டாம்னா வேற ஆளைத்தான் தேடணும்."

வேறு ஆள் கிடைப்பான் என்று அவளுக்குத் தெரியும். ஓட்டையைக் கடைசியாக ஒரு தடவை பார்த்தாள்.

"எழுதுங்க," என்றாள்.

அழுகிய பகுதியை அறுத்துவிட்டுப் புது இரும்பை வெல்டிங் செய்யலாம், ஆனால் முன்சுவர்க் கல் முழுக்க இறங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஹாடோ போனார். லோர்னா போகவில்லை. தரையில் ஓட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் அழிச்சேன், இல்ல?" என்றார் சிரில்.

அவள் ஓட்டையைப் பார்த்தபடி சொன்னாள்: "கெடுக்கணும்னு செய்யலையே."

"கல்லு இறங்கினா தெருவே வேடிக்கை பாக்க வந்து நிக்கும், கண்ணு."

"நிக்கட்டும். நான் பஸ்ல ஏறினா எண்ணெய் நாத்தத்துக்கு ஜனங்க மூக்கைச் சுளிக்குது. பதினோரு வருஷமா. செத்தா போயிட்டேன்?"

அவர் குனிந்து, உதிர்ந்த துரு ஏட்டை எடுத்துப் பார்த்தார். பிறகு, "வேற எவனும் தொடக்கூடாது. நானே எடுக்கிறேன்," என்றார்.

மூன்று சனிக்கிழமைகள் ஆயின. அவர் உளி வைத்துப் பெயர்த்தார். அவள் கல்லைத் தள்ளுவண்டியில் பின்பக்கம் கொண்டு போனாள். ஒட்டிய தகரப் பாதியில் குடியிருந்த பெரில் ஒவ்வொரு முறையும் வேலிக்கு வந்தாள்.

"என்ன சிரில், கோட்டைக் கழட்டுற? குளிக்கப் போறியா?"

"உனக்கு என்ன, பொறந்ததுலேருந்து அம்மணமாத்தான நிக்கிற!"

அடுத்த வாரம் வெல்டிங் ஆட்கள் வந்தார்கள். ஹாடோ திரும்ப வந்து முழங்காலிட்டுப் பார்த்தார், எழுதினார். வங்கி சம்மதித்தது.

சாவி கொடுக்கும் நாளில் சிரில் காரில் ஏறாமல் நின்றார். மகள் வீட்டுக்கு, கடற்கரை ஊருக்குப் போகிறார்.

"திரும்பக் கல்லு வைப்பியா?"

"மாட்டேன்."

"ம்." முன்மூலையில் பூச்சு முடிந்து தரை தொடங்கும் இடத்தில், ஒரு கை நுழையும் இடைவெளியை ஷூ நுனியால் தொட்டார். "மழை பெய்யும்போது ஒரு தடவை வெளிய வந்து பாரு. தண்ணி போகுதான்னு."

அன்று மாலையே மழை வந்தது. பெட்டிகளைப் பிரிக்காமல் லோர்னா வெளியே போய் நின்றாள். மாடித் தகட்டின் வரிகளில் தண்ணீர் இறங்கி, பூச்சின் மேல் வழிந்து, விளிம்பில் சொட்டிச் சரளையில் காணாமல் போனது. தலை நனைந்து முகத்தில் வழியும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். வேலிக்கு அப்பால் பெரில் கதவைத் திறந்து, "பைத்தியமா நீ? உள்ள போ!" என்று கத்தினாள்.